எப்போதும் எண்பது டிகிரி

டீக்கடையில் கெஞ்சி வாங்கிவந்த கொதிநீரில், அக்கா வீட்டு ஏசியிலிருந்து கழற்றிய சென்சாரை முக்கினேன். மீட்டரில் மின்தடை எண் சரசரவென்று இறங்கியது. இறங்கக் கூடாது. செத்துப்போன சென்சார் என்று சொல்லி நானே கழற்றியது அது. செத்த சென்சார் வெந்நீரில் கிடந்தாலும் ஐஸ் தண்ணீரில் கிடந்தாலும் ஒரே எண்ணைக் காட்டும், அல்லது எதையுமே காட்டாது. இதுவோ நல்ல சென்சாரைப் போலவே ஐஸில் ஏறியது, வெந்நீரில் இறங்கியது. மூன்று முறை மாற்றி மாற்றிப் போட்டேன். மூன்று முறையும் சென்சாருக்கான அட்டவணையில் அச்சடித்திருந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

எதிர் பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த கேப்டன் சிரித்தார். "என்னம்மா, டீயில பிஸ்கட் தொட்டுக்கிற மாதிரி சென்சாரைத் தொட்டுக்கிட்டு இருக்க? நல்லா ஊறிடுச்சா?"

எங்கள் சர்வீஸ் பட்டறையில் அவருக்கு அதுதான் பெயர். கழுத்தின் இடது பக்கமும் அதே பக்கத்துக் காதும் உருகிய மெழுகு மாதிரி இருக்கும். யாராவது வெறித்துப் பார்த்தால், "போர்ல பட்டது" என்பார். அதனால் கேப்டன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். ஏசியின் வெளிப்பெட்டிக்குள் கம்ப்ரஸர் இருக்கிறது. அதிலிருந்து கிளம்புகிற செம்புக் குழாயில் இந்தச் சென்சார் ஒட்டிக்கொண்டிருக்கும். குழாய் அளவுக்கு மீறிச் சூடானால் ஏசியின் மூளையான போர்டுக்குச் சொல்லும், போர்டு கம்ப்ரஸரை நிறுத்தும். அக்கா வீட்டு ஏசி அரை மணிக்கு ஒருமுறை தானாக நின்றுகொண்டிருந்தது. மாமா யாரிடமோ பழசாக வாங்கியது. முதலில் வந்து பார்த்த மெக்கானிக் கம்ப்ரஸரே போச்சு என்று கையை விரித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கடைசியாக.

நேற்று சாயங்காலம் பையோடு நான் உள்ளே நுழைந்ததும் மாமா ஆரம்பித்தார். "வாங்க இன்ஜினியரம்மா. எங்க பரம்பரையிலயே முதல் டிகிரி. வீட்டு ஃபேன்ல இருந்து தூசி தட்டவாவது உதவுமான்னு பாப்போம்."

"நீங்க ப்ளஸ் டூவுல எத்தனை தடவை எழுதுனீங்க மாமா? எண்ணிக்கை மறந்துடுச்சு" என்றேன்.

"மூணு" என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதக் குழந்தை. உடம்பெல்லாம் வேர்க்குரு.

மாமாவின் கிண்டல் எனக்குப் பழக்கம்தான். நான்கு வருடம் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, வேலை தேடிப் போன இடத்திலெல்லாம் "பொண்ணு வெளிப்பெட்டியைத் தூக்குமா, ஏணியில ஏறுமா" என்று கேட்டார்கள். ஏறுவேன் என்று ஏறிக் காட்டி வாங்கிய வேலை இது. ஆகையால் அந்தப் பழைய மெக்கானிக் கையை விரித்த இடத்தில் நான் ஜெயிக்க வேண்டும். வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை.

பின்பால்கனியில் வெளிப்பெட்டியைத் திறந்தேன். எல்லா சர்வீஸ்காரர் சட்டைப்பையிலும் இருக்கிற டம்மி என்னிடமும் இருந்தது. சென்சாரின் பிளக்கில் ஒரு சின்ன ரெஸிஸ்டர், அவ்வளவுதான். சென்சாரைப் பிடுங்கிவிட்டு அதைச் சொருகினால், குழாய் எப்போதும் எண்பது டிகிரிதான் என்று போர்டு நம்பும். ஏசி நிற்காமல் ஓடினால், குற்றம் சென்சாருடையது என்று முடிவு செய்வோம். சொருகினேன். ஒன்றரை மணி நேரம் ஓடியது. அறை ஜில்லென்று ஆனது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கியது.

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். உண்மையாகவே கும்பிட்டார். "நான் சொன்னதெல்லாம் வாபஸ்."

டம்மியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. புதுச் சென்சார் வர இரண்டு நாள் ஆகும், அதுவரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஓனர் தினமும் சொல்லிக்கொடுக்கிற வழக்கம்தான்: "டம்மியை வச்சுட்டு வா, கஸ்டமர் கத்த மாட்டான்." அவரை நான் முதுகுக்குப் பின்னால் கண்டபடி திட்டுவேன். சொந்த அக்கா வீட்டில் அதையேதான் செய்துவிட்டு வந்திருந்தேன்.

இப்போது வெந்நீர்க் கிண்ணம் சொல்கிறது: சென்சார் பொய் சொல்லவில்லை. குழாய் உண்மையிலேயே கொதித்திருக்கிறது. அதனால்தான் ஏசி நின்று நின்று போயிருக்கிறது.

"கேப்டன்" என்றேன். "நல்ல சென்சாரைக் கழட்டிட்டேன். டம்மி உள்ள இருக்கு."

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். "எங்க?"

"எங்க அக்கா வீட்ல. நேத்து சாயங்காலத்துல இருந்து ஓடுது."

"சரி, பதறாத. கம்ப்ரஸர் தலையில ஓவர்லோடு இருக்குமே. ரொம்பச் சூடானா அது கட் பண்ணிடும்."

கம்ப்ரஸரின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பாதுகாப்புதான் கடைசிக் காவல். அக்கா வீட்டுப் பெட்டியில் அதை யாரோ எப்போதோ கழற்றிவிட்டு, இரண்டு ஒயரையும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். நேற்று அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, சென்சார் வரும்போது இதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று மூடினேன்.

"இல்லையா?" என்றார் கேப்டன்.

"இல்ல. முறுக்கி வச்சிருந்தாங்க."

டிபன் பாக்ஸை மூடினார். சாப்பாடு பாதி அப்படியே இருந்தது. "போன் போடு. இப்பவே ஆஃப் பண்ணச் சொல்லு. பால்கனி பக்கம் போகாம, உள்ள இருந்தே ஆஃப் பண்ணச் சொல்லு."

அவர் கழுத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. கம்ப்ரஸர் என்பது இரும்புக் குடம். அதற்குள் மின்சாரம் போவது மூன்றே மூன்று முனைகள் வழியாக. கண்ணாடியில் பதித்த ஊசிகள். ஒயரின் பிடி தளர்ந்து அந்த இடம் தீய்ந்தால், ஒருநாள் ஊசி குடத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே அழுத்தத்தில் இருக்கிற கேஸும் எண்ணெயும் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சும், அங்கேயே தீப்பொறியும் இருக்கும். கேப்டனுக்கு அது நடந்தபோது அவர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விநாடி என்பார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச மாட்டார்.

அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பன்னிரண்டு முறை. குழந்தை தூங்குகிற நேரம் அவள் போனைச் சைலன்ட்டில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவாள், காலிங் பெல்லையும் அணைத்துவிடுவாள். பெல்லை அணைக்கத் தனி சுவிட்ச் வைத்துக்கொடுத்ததும் நான்தான். மாமா வேலை பார்க்கிற இடத்தில் போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். அங்கே ஆபீஸ் நம்பருக்கு அடித்தால், "மீட்டிங்ல இருப்பாங்க, சொல்லிடறேன்" என்றது ஒரு குரல். என்ன சொல்வாய்? உன் பெண்டாட்டி பிள்ளை தூங்குகிற அறைக்குப் பக்கத்தில் ஒரு குடம் கொதிக்கிறது என்றா?

"போ" என்றார் கேப்டன். "என் வண்டியை எடுத்துக்கோ. பிரேக் கொஞ்சம் லேட்டாப் புடிக்கும்."

அந்த வண்டியில் எப்படிப் போனேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு சிக்னலிலும் நின்றபோது கணக்குத்தான் ஓடியது. நேற்று ஆறு மணியிலிருந்து இன்று ஒன்றரை மணிவரை. இரவு முழுக்க ஓடி ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு மனம் சொல்லும். இரவு வெளியே குளிர்ச்சி, இப்போது உச்சி வெயில், முட்டாளே என்று இன்னொன்று சொல்லும். அப்புறம் எனக்குப் புரியாத ஒன்றும் உறுத்திக்கொண்டே வந்தது. சென்சார் நல்லது என்றால், நேற்று நான் இருந்த ஒன்றரை மணி நேரம் குழாய் ஏன் அவ்வளவாகச் சூடாகவில்லை? கை வைத்துப் பார்த்தேனே. சூடு, ஆனால் பயப்படும்படியாக இல்லை. அரை மணிக்கு ஒருமுறை கொதிக்கிற குழாய், நான் வந்தால் மட்டும் மரியாதையாக நடந்துகொள்ளுமா?

அக்கா வீடு இரண்டாவது மாடி. பின்சந்து வழியாகப் போனால் அவள் பால்கனி தெரியும் என்று அப்படியே திருப்பினேன். தலையைத் தூக்கிப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

வெளிப்பெட்டியின் தலைமேல் மடித்துப் போட்ட பெட்ஷீட் ஒன்று தொங்கியது. அதன் முன்னால் கம்பிக் கொடியில் குழந்தைத் துணிகள், துவாலைகள், இன்னொரு ஈரப் போர்வை. பெட்டியின் முகமே தெரியவில்லை. அனல் காற்று வருகிற இடம், துணி சீக்கிரம் காயும். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன், எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். பெட்டிக்கு மூச்சுவிட வழியில்லாமல் அடைத்தால் அது கொதிக்காமல் என்ன செய்யும்? நேற்று நான் வருகிறேன் என்று தெரிந்ததும், தங்கச்சி வாயில் விழ வேண்டாம் என்று அக்கா எல்லாத் துணியையும் எடுத்து வைத்திருக்கிறாள். நான் வந்தேன், டம்மியைச் சொருகினேன், நன்றாக ஓடியது. டம்மி இல்லாமலே நன்றாகத்தான் ஓடியிருக்கும்.

துணிகள் அசையவே இல்லை. விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கீழே வரைக்கும் கேட்டது, மூக்கடைத்தவன் மூச்சு மாதிரி. ஒரு வாசனை வந்தது. ரப்பர் தீய்கிற வாசனை. சந்தில் குப்பையை எரிக்கிறார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன். சந்தில் யாரும் எதையும் எரிக்கவில்லை.

"அக்கா!" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அக்கா வீட்டில் ஒன்றும் அசையவில்லை.

படியில் ஓடினேன். கதவைத் தட்டினேன், உதைத்தேன். உள்தாழ்ப்பாள். அவள் படுக்கையறைக் கதவையும் சாத்தி, குளிர் வெளியே போகக் கூடாதென்று கீழ் இடுக்கில் துவாலையைச் சுருட்டி வைத்திருப்பாள். இரண்டு கதவு தாண்டி இருக்கிறாள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. இங்கே நின்று தட்டத் தட்ட நேரம் போகிறது என்பது உறைத்தது. அப்போதுதான் மீட்டர்ப் பெட்டி ஞாபகம் வந்தது.

கீழே மாடிப்படிக்கு அடியில் எட்டு வீட்டுக்கும் மீட்டர்கள். மேலே எழுதியிருந்த வீட்டு எண்களின்மேல் யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள். எது அக்காவுடையது? கண்டுபிடித்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. எட்டு சுவிட்சையும் வரிசையாகக் கீழே தட்டினேன்.

சந்திலிருந்து கேட்ட அந்த மூச்சுச் சத்தம் நின்றது.

உடனே கீழ்வீட்டுக் கதவு திறந்தது. நுரைக் கையோடு ஓர் அம்மா வெளியே வந்தார். "யாரும்மா நீ? கரன்ட்ட ஏன் புடுங்குற? மெஷின் பாதித் துவையல்ல நிக்குது!"

"ஆன்ட்டி, ரெண்டாவது மாடி பின்பக்க ஏசி. தீப்பிடிக்கப் போகுது. சுவிட்சைத் தொடாதீங்க."

"தீயா?" என்றவர் கையிலிருந்த நுரையை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டார். "எங்க ஜன்னலுக்கு மேலயா?"

"ஆமா. யாரையும் தொட விடாதீங்க."

"ஒருத்தன் கை வைக்கட்டும், பாக்கறேன்" என்று மீட்டர்ப் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றுவிட்டார். முதல் மாடியிலிருந்து ஒரு ஆள் டிவி போச்சு என்று சண்டைக்கு இறங்கி வந்தார். அந்த அம்மா அவரை மேலேயே திருப்பி அனுப்புகிற சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

மறுபடி கதவைத் தட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடமோ ஏழு நிமிடமோ. குழந்தை அழுகிற சத்தம் வந்தது. அந்த அழுகையைக் கேட்டதும் சுவரில் சாய்ந்துவிட்டேன். அறை சூடாகி விழித்துக்கொண்டிருக்கிறது. விழித்துக்கொண்டிருக்கிறது.

அக்கா கதவைத் திறந்தாள், கலைந்த தலையோடு, தோளில் பிள்ளையோடு. "ஏன்டி இப்படி உடைக்கிற? இப்பத்தான் கண்ணசந்தேன். கரன்ட் வேற போச்சு."

"கீழ போ. பிள்ளையைத் தூக்கிட்டுக் கீழ் வீட்டுக்குப் போ."

"என்னடி ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"போன்னா போ!"

என்னை அவளுக்குத் தெரியும். செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போனாள்.

பால்கனிக் கதவைத் திறந்தபோது வாசனை முகத்தில் அடித்தது. ஓரமாக நின்று, கை நீட்டி, பெட்ஷீட்டை இழுத்தேன். அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகப் பழுப்பேறியிருந்தது. கொடித்துணிகளை வாரி உள்ளே எறிந்தேன். பெட்டியைத் தொடவில்லை. கரன்ட் போன பிறகும் போர்டுக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும், குடமும் ஆற வேண்டும். சமையலறைத் தரையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம். அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. தொட்டிலில் ஒரு குட்டி சாக்ஸ் கிடந்தது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, டார்ச் அடித்தேன். முனைகளை மூடியிருந்த பிளாஸ்டிக் தொப்பி ஒரு பக்கம் உருகித் தொங்கியது. மூன்று ஒயரில் ஒன்றின் மேலுறை கருகிச் சுருண்டு, செம்பு தெரிந்தது. அந்த ஒயரை லேசாகத் தொட்டதும் அதன் கொக்கி ஊசியை விட்டுக் கழன்று விழுந்தது. இழுக்கவே இல்லை, தொட்டேன். ஊசியைச் சுற்றியிருந்த கண்ணாடி கறுத்திருந்தது. விரிசல் இல்லை.

டம்மியைப் பிடுங்கினேன். அது மட்டும் ஜில்லென்று புதுசாக இருந்தது.

ஏசியின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, கீழே எல்லா வீட்டுக்கும் கரன்டைத் திருப்பிப் போட்டேன். சாயங்காலம் மாமா வந்தபோது அக்கா அவரிடம் முந்திக்கொண்டாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "என் தப்புதாங்க. துணி காயவே இல்லைன்னு அதுமேல போட்டேன். இவ வந்து பாக்கலைன்னா..."

மாமா பழுப்பேறிய பெட்ஷீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. "உனக்கு அறிவிருக்காடி? கொடின்னு ஒண்ணு எதுக்குக் கட்டிக் குடுத்திருக்கு? பிள்ளையை வச்சுக்கிட்டு..."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கதை அப்படியே முடிந்திருக்கும். துணி போட்டவள் அக்கா, ஓடிவந்து காப்பாற்றியவள் தங்கச்சி. இரண்டு நிமிடம் அப்படித்தான் இருந்தேன், அதை உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை. மாமாவின் குரல் ஏற ஏற அக்காவின் தலை இன்னும் இறங்கியது.

"அவளைத் திட்டாதீங்க மாமா. துணி போட்டா மெஷின் நின்னுக்கும். பத்து நாளா நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நிக்க விடாமப் பண்ணது நான்."

"என்ன சொல்ற?"

சொன்னேன். டம்மி, எண்பது டிகிரி, முறுக்கி வைத்திருந்த ஒயரைப் பார்த்துவிட்டு மூடியது, எல்லாம். கேட்டு முடித்ததும் கத்துவார் என்று நினைத்தேன். அறை வாங்கினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நேத்து ராத்திரி நாங்க மூணு பேரும் அந்த ரூம்லதான படுத்திருந்தோம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். "குளிருதுன்னு நான்தான் பிள்ளைக்குப் போர்வை போட்டேன்."

கீழ்வீட்டில் துணி துவைக்கும் மெஷின் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தது.

"வேற ஆளை வச்சுச் சரி பண்ணிக்குங்க மாமா. எங்க கேப்டனைக் கூட்டிட்டு வரேன்."

"எதுக்கு?" என்றார். அப்போதுதான் குரலில் கோபம் வந்தது. "கெடுத்துட்டு ஓடிடலாம்னு பாக்குறியா? நீயே பண்ணு. சரியாயிடுச்சுன்னு வாயால சொல்லாத. எனக்குக் காட்டு."

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கேப்டன் ஓவர்லோடு, கனமான ஒயர், முனைத் தொப்பி எல்லாம் எடுத்துக் கொடுத்தார். "மூடியைப் போடாம சுவிட்ச் போடாத" என்று மட்டும் சொன்னார். கருகிய ஒயரை வெட்டி எறிந்து புது ஒயருக்குக் கொக்கி அழுத்தி மாட்டினேன். மூன்றையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். முனைகளுக்கும் குடத்துக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்தேன், இல்லை. ஓவர்லோடைத் தலையில் உட்கார வைத்தேன். கடைசியாக அந்தப் பழைய சென்சாரைக் குழாயில் அதன் இடத்திலேயே மாட்டி, கிளிப் போட்டேன். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரின் ஒயர் முனையையும் கட்டி, எண் தெரிகிற பெட்டியை வெளியே வைத்துவிட்டு, மூடியை எல்லா ஸ்க்ரூவும் போட்டு மூடினேன்.

ஓடவிட்டேன். அறுபத்தெட்டு டிகிரியில் நின்றது. நன்றாகத்தான் ஓடியது. நேற்று முன்தினமும் நன்றாகத்தான் ஓடியது. நன்றாக ஓடுவதை வைத்து நான் எதைக் காட்ட முடியும்?

"பிள்ளையை எடுத்துட்டு ரெண்டு பேரும் கீழ போங்க" என்றேன். "நான் இதை வேணும்னே கொதிக்க வைக்கப் போறேன். தானா நிக்குதான்னு பாக்கணும்."

மாமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் அந்தப் பழுப்பேறிய பெட்ஷீட்டை எடுத்து வெளிப்பெட்டியின் முதுகையும் முகத்தையும் சேர்த்துச் சுற்றி, கிளிப் போட்டு இறுக்கினேன். சுவரோரமாக ஒதுங்கி, கையை ஏசியின் மெயின் சுவிட்சில் வைத்துக்கொண்டேன். நூற்றுப் பதினைந்து வரை பொறுப்பேன். அதற்குமேல் நானே அணைத்துவிடுவேன்.

எண்பது. எண்பத்தொன்பது.

பின்னால் காலடி கேட்டது. அக்கா சமையலறை வாசலில் நின்றாள்.

"உன்னை யாரு வரச் சொன்னது? கீழ போ!"

"நீ நிக்கிறல்ல."

"நான் நிக்கிறது என் வேலை. அக்கா, கால்ல விழறேன், போடி."

"போடியா?" என்றாள். "இரு, இது முடியட்டும், வாய் மேலயே போடறேன்." நகரவில்லை. வாசலைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

தொண்ணூற்றாறு. விசிறி மூச்சுத் திணறியது. பெட்ஷீட் உள்ளே உறிஞ்சப்பட்டு மூடியோடு ஒட்டிக்கொண்டது. நூற்று மூன்று. கம்ப்ரஸரின் சத்தம் ஒரு கட்டை இறங்கியது. போர்டுக்கு உறைத்திருக்க வேண்டும், வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் எண் இறங்கவில்லை. நூற்றாறு. நூற்றெட்டு. அந்த வாசனை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சினேன், துணி காய்கிற வாசனை மட்டும் வந்தது. சுவிட்சில் இருந்த விரல் வழுக்கியது, பேன்ட்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். நூற்றுப் பத்து. இங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நூற்றுப் பதினொன்று. நான் கிளிப்பைச் சரியாகப் போட்டேனா? குழாயோடு ஒட்டி உட்கார்ந்ததா? மறுபடியும் எதையாவது பார்த்தும் பார்க்காமல் விட்டேனா?

நூற்றுப் பன்னிரண்டு.

டக்.

குடம் ஒருமுறை உலுக்கிக்கொண்டு அடங்கியது. விசிறி மட்டும் சுற்றியது. எண் அதே இடத்தில் தயங்கி நின்று, நூற்றுப் பதினொன்றுக்கு வந்தது.

"நீ அணைச்சியா?" என்றாள் அக்கா.

"இல்ல. தானா நின்னுச்சு. கையைப் பாரு, சுவிட்ச் இன்னும் மேலதான் இருக்கு."

அவள் கிட்டே வந்தாள். சுவிட்சைப் பார்த்தாள், தெர்மாமீட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று அவள் பார்வையில்தான் தெரிந்தது. முன்பெல்லாம் அவள் ஒரு துண்டை எடுத்து என் முகத்தில் எறிவாள், நானும் ஏதாவது சொல்வேன். இப்போது அவள் அசையவில்லை.

"இன்னொரு தடவை பண்ணு" என்றாள்.

"நின்னுடுச்சே, அக்கா."

"ஒரு தடவை நின்னுச்சு. இன்னொரு தடவை நிக்கட்டும், அப்புறம் பிள்ளையை மேல கொண்டுவரேன்."

சரி என்றேன். பெட்ஷீட்டை அவிழ்த்து, குழாய் ஆறும்வரை இருவரும் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். அறுபதுக்குக் கீழே இறங்கியதும் மறுபடி பெட்டியைச் சுற்றிக் கட்டினேன். இந்த முறை ஒரு முனையை அக்கா பிடித்துக்கொண்டாள்.